கிஸ்தியும் பங்குப் பத்திரமும்

நான் குடியிருக்கும் பெங்களூர் அடுக்ககத்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 அன்று காலையில் கன்னட ராஜ்யோத்சவம் கொண்டாடுவார்கள். மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்றி, பாட்டுப் பாடி, பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி நடத்தி, கடைசியில் கேசரிபாத்தும் காராபாத்தும் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த விழாவில், மூன்றாவது மாடியில் வசிக்கும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப்புடவையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு, வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாளை இடுப்பில் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, புருவத்தை உயர்த்தி, எதிரே இல்லாத ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து அவள் கேட்டாள்: "நிமகேகெ கொடபேகு கப்ப?" உங்களுக்கு ஏன் கட்ட வேண்டும் கப்பம் என்பது பொருள்.

மேகம் மழையைப் பொழிகிறது, பூமி விளைகிறது, இதில் உங்களுக்கு என்ன வேலை என்று அவள் தொடர்ந்தபோது, கையிலிருந்த காபியை மறந்துவிட்டு நான் அடுத்த கேள்வியை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கன்னடம் காய்கறிக் கடைக்குப் போதுமான அளவுக்குத்தான் வரும். ஆனாலும் அவள் அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால், அதே கேள்விகளைப் பத்து வயதில், கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழா மேடையில், கட்டபொம்மன் வேடத்தில் நானும் தமிழில் கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒட்டுமீசை கிடைக்கவில்லை. அத்தை கண்மையால் மீசை வரைந்துவிட்டாள். வகுப்பிலேயே சற்று நிறமாக இருந்த பையனுக்கு முகம் முழுவதும் பவுடர் அப்பி ஜாக்ஸன் துரையாக நிறுத்தியிருந்தார்கள். அவனுக்கு இரண்டே வசனம். மற்ற நேரமெல்லாம் நான் கேட்கும் கேள்விகளை வாங்கிக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பதுதான் அவனுடைய வேலை. நாற்று நட்டாயா என்ற இடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது வியர்வையில் மீசை கன்னம் வரை வழிந்துவிட்டது. முன்வரிசையில் எழுந்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. ஆனாலும் ஒரு வரியைக்கூட நான் விடவில்லை. எங்கள் ஊரில் அந்த வசனத்தை மறப்பவன் எவனும் கிடையாது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் இசைத்தட்டாகக் கேட்டே எங்களுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது.

சிறுமியின் வசனமும் என்னுடைய வசனமும் ஒன்றுபோல் இருப்பது தற்செயல் அல்ல. 1959 இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை இயக்கிய பி. ஆர். பந்துலுதான், 1961 இல் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா' படத்தையும் இயக்கினார். அதில் கித்தூர் ராணி சென்னம்மாவாக நடித்தவர், நம்மவர்கள் கன்னடத்துப் பைங்கிளி என்று கொண்டாடிய சரோஜாதேவி. அதே 1961 இல், தீபாவளியை ஒட்டி, தமிழில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையை 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பெயரில் பந்துலு வெளியிட்டார். கோலார் மாவட்டத்தில் பிறந்து, நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த ஒரு மனிதர், மூன்றே ஆண்டுகளுக்குள் இரண்டு மொழிகளுக்கு மூன்று விடுதலைப் போர்ப் படங்களைக் கொடுத்திருக்கிறார். விழா முடிந்த பிறகு இதை அந்தச் சிறுமியின் அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே கைப்பேசியில் சிவாஜியின் காட்சியைத் தேடி எடுத்து மகளிடம் காட்டினார். அவள் கேசரிபாத்தைத் தின்றுகொண்டே முழுவதையும் பார்த்துவிட்டு, "இவர் என்னுடைய டயலாக்கைச் சொல்கிறார்" என்று கன்னடத்தில் முறையிட்டாள்.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் இந்தப் படங்கள் எந்த நாட்டின் பிறப்பைச் சொல்ல வந்தன என்ற ஐயம் எழுகிறது. நாடு விடுதலை அடைந்தது 1947 இல். மொழிவாரி மாநிலங்கள் அமைந்தது 1956 நவம்பர் 1 அன்று. மூன்று படங்களும் இரண்டாவது தேதிக்குப் பிறகு, ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் வந்தவை. கட்டபொம்மனையும் வ. உ. சி.யையும் தமிழ் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மற்ற யாரையும் விட அதிகம் உழைத்தவர் ம. பொ. சிவஞானம். அவர் காங்கிரஸ்காரராகச் சிறை சென்றவர். தமிழரசுக் கழகத்தை நடத்தி, தமிழகத்தின் வட எல்லைக்காகப் போராடியவரும் அவரே. 'கப்பலோட்டிய தமிழன்' என்பது அவர் எழுதிய நூலின் பெயர். அந்தத் தலைப்பில் இந்தியன் இல்லை, தமிழன்தான் இருக்கிறான். வெள்ளையனை எதிர்த்த கதையைச் சொல்லும்போதே, அந்தக் கதை நம் மொழியில், நம் மண்ணில் தொடங்கியது என்ற உரிமைக் கோரிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. கித்தூர் கன்னடருக்கு அதைத்தான் செய்தது. கட்டபொம்மனின் முன்னோர் தெலுங்கு பேசியவர்கள் என்பதோ, படத்தை இயக்கியவருக்குத் தமிழ் தாய்மொழி அல்ல என்பதோ அந்த உரிமையைக் குறைக்கவில்லை. அதில் தவறு இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை.

நான் இங்கே சொல்ல விரும்புவது வேறு. ஒரு நாட்டின் விடுதலைப் போரை நம் சினிமா ஒரே ஒரு காட்சியாக வார்த்துவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் வரி கேட்கிறார், மற்றவர் மறுக்கிறார். மறுப்பு நீண்ட வசனமாக இருக்கிறது, கேட்டவர் வாயடைத்து நிற்கிறார். இந்த வார்ப்பு எவ்வளவு வலிமையானது என்றால், பொருந்தாத இடத்திலும் பொருந்திக்கொள்கிறது. கித்தூர் வரலாற்றைப் படித்தால், சண்டையின் மூலம் வாரிசுரிமை. அரசன் இறக்கும்போது தத்து எடுத்த பிள்ளையை ஏற்க கிழக்கிந்தியக் கம்பெனி மறுத்தது. கித்தூர்க் கருவூலத்தின் மீது காவல் போட்டது. 1824 அக்டோபர் 23 அன்று நடந்த சண்டையில் தார்வாட் கலெக்டர் தாக்கரே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரிலேயே கம்பெனிப் படை திரும்பி வந்து கோட்டையைப் பிடித்தது. சென்னம்மா பைலஹொங்கல் சிறையில் 1829 இல் இறந்தார். ஆனால் இன்று கர்நாடகப் பள்ளிகளில் பிள்ளைகள் பேசுவது தத்துரிமையைப் பற்றி அல்ல; கப்பத்தைப் பற்றித்தான். தத்துரிமைக்குக் கைதட்டல் வாங்க முடியாது என்பது பந்துலுவுக்குத் தெரிந்திருக்கும்.

கட்டபொம்மன் விஷயத்தில் நிலவரி நிலுவை உண்மையாகவே இருந்தது. ஆனால் ஜாக்ஸனைச் சந்தித்த கதை, படத்தில் நாம் மனப்பாடம் செய்ததைக் காட்டிலும் வினோதமானது. 1798 இல் இராமநாதபுரம் கலெக்டராக இருந்த ஜாக்ஸன், தன்னை வந்து பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு ஆணை அனுப்பிவிட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போனால் அங்கே பேட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நின்றால் அங்கேயும் இல்லை. ஊர் ஊராக 23 நாள், ஏறத்தாழ 400 மைல் அலைந்து, கடைசியில் செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில்தான் பார்க்க முடிந்தது. அங்கும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பானது. லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். கட்டபொம்மனின் தானாபதியாக, அதாவது அமைச்சராக இருந்த சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. சென்னையிலிருந்த கம்பெனி அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் குழு கட்டபொம்மனைக் குற்றவாளி ஆக்கவில்லை. பதவி போனது ஜாக்ஸனுக்கு. தானாபதி விடுவிக்கப்பட்டார்.

ஒரு பாளையக்காரர் கலெக்டர் முகாமுக்கு வெளியே நாள்கணக்கில் காத்துக் கிடப்பதை யோசித்துப் பாருங்கள். இன்று போ, நாளை வா என்று அலைக்கழிக்கப்படுவதன் அவமானம், தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக நின்ற எவருக்கும் தெரியும். அந்நிய ஆட்சி என்பது சாதாரண மனிதனுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால், பீரங்கியாக வந்ததை விட இப்படி நிற்க வைத்தலாகத்தான் அதிகம் வந்து சேர்ந்திருக்கும். நமக்குள் தங்கியதோ அந்த 23 நாள் அல்ல, கடைசி ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தின் அழகை நான் மறுக்கவில்லை. அது மேடையில் பழுத்த காட்சி. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தை 1957 இலிருந்து சிவாஜி நாடக மன்றம் ஊர் ஊராக நடத்தி, எந்த வரிக்கு எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கைதட்டலுக்கு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் கண்டுகொண்ட பிறகுதான் படம் எடுத்தார்கள். "நீர்தான் ஜாக்ஸன் துரை என்பவரோ?" என்று சிவாஜி திருப்பிக் கேட்கும் இடத்தில் குரல் ஏறவே இல்லை, ஏறுவது புருவம் மட்டும். அதன்பின் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட, குரல் படிப்படியாக ஏறி, மஞ்சள் அரைத்தாயா என்ற இடத்தில் ஏளனத்துக்குத் தாவி, மாமனா மச்சானா என்று வெடிக்கிறது. ஜாக்ஸனாக நின்ற சி. ஆர். பார்த்திபன் எத்தனையோ படங்களில் நடித்தவர். ஆனாலும் கடைசி வரை அவரை ஜாக்ஸன் துரை என்றுதான் ஊர் சொன்னது. படம் லண்டனில் டெக்னிகலருக்கு மாற்றப்பட்டு வண்ணத்தில் வந்தது. 1960 இல் கெய்ரோ விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

ஆனால் வளர்ந்த பிறகு அந்த வசனத்தில் ஒரு முள் தட்டுப்படத் தொடங்கியது. வயலுக்கு வந்தாயா, நாற்று நட்டாயா, ஏற்றம் இறைத்தாயா என்று கேட்பவர் யார்? பாளையக்காரர். அவரும் நாற்று நட்டவர் அல்லர். நட்டவன் பாஞ்சாலங்குறிச்சிச் சீமையின் கரிசல் காட்டில், அதே பாளையக்காரருக்கு விளைச்சலில் வாரம் அளந்தவன். அவன் எழுந்து நின்று இதே கேள்விகளை அரண்மனையைப் பார்த்துக் கேட்டிருந்தால், வசனத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. நம் தாத்தாமார்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே கைதட்டினார்கள். தன் நிலத்துக்குக் கிஸ்தி கட்டிக் களைத்தவன், அந்தக் கேள்வியை யாராவது ஒருவர் உரக்கக் கேட்டால் போதும் என்று நினைத்திருக்கலாம்.

நேருக்கு நேர் பேசி வெல்லும் இந்த வார்ப்பை சினிமாதான் கண்டுபிடித்தது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு பாரதியின் தேசிய கீதங்களை வரிசையாகப் படித்தபோது அந்த எண்ணத்தை விட வேண்டியதாயிற்று. 1908 மார்ச்சில், திருநெல்வேலிக் கலெக்டர் விஞ்ச், வ. உ. சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் அழைத்து மிரட்டினார். பணியாததால் 12 ஆம் தேதி கைது செய்தார்கள். பாரதி அதை இரண்டு பாட்டுகளாக எழுதினார். ஒன்றில் விஞ்ச் பேசுகிறார், மற்றதில் பிள்ளை பதில் சொல்கிறார். "ஓட்டம் நாங்கள் எடுக்க வென்றே கப்பல் ஓட்டினாய், பொருள் ஈட்டினாய்" என்று கலெக்டர் குற்றம் சாட்ட, "சொந்த நாட்டிற் பரர்க்கடிமை செய்தே துஞ்சிடோம், இனி அஞ்சிடோம்" என்று மறுமொழி வருகிறது. கட்டபொம்மன் வசனத்துக்கு ஐம்பது ஆண்டுகள் முந்திய வார்ப்பு இது. ஆக, குற்றத்தை சினிமாவின் தலையில் மட்டும் கட்ட முடியாது. பாரதியின் தலையில் கட்ட எனக்கு மனம் வராது.

இருந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. பாரதி தன் கலெக்டரின் வாயிலேயே கப்பலைப் பற்றியும் பொருளைப் பற்றியும் பேச வைத்தார். வெள்ளைக்காரனுக்கு எங்கே வலித்தது என்பது அவருக்குத் தெரியும். சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 இல் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மற்றப் பங்குகளை வ. உ. சி. ஊர் ஊராகப் போய்க் கேட்டுத்தான் விற்க வேண்டியிருந்தது. 1907 இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏகபோகமாக ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. சுதேசிக் கம்பெனி இன்னும் குறைத்தது. கடைசியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள் என்றது. ஏறுகிறவர்களுக்குக் குடையும் இலவசம் என்றது. அந்தக் குடையை வாங்காமல் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒன்பது நாளில் வென்றார்கள். அந்த நாள்களைப் பற்றிச் சொல்லப்படும் சம்பவம் ஒன்றை நான் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. ரங்கசாமி ஐயங்கார் என்ற வக்கீல் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பாதி முகம் முடிந்திருக்கிறது. நீங்கள் பிள்ளைக்கு எதிராக இருக்கிறீர்களாமே என்று நாவிதர் கேட்கிறார். அது உனக்கு எதற்கு என்கிறார் வக்கீல். அப்படியானால் மீதியைச் சிரைக்க முடியாது என்று சொல்லி, நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விடுகிறார். ஊரில் வேறு எவரும் சிரைத்துவிடவும் முன்வரவில்லை. வாள் கிடையாது, வசனம் ஒரே வரி. கையில் இருந்த தொழிலை நிறுத்தியதுதான் ஆயுதம்.

இந்த ஊரையும் இந்த ஆண்டுகளையும் பற்றிய 'கப்பலோட்டிய தமிழன்' வந்தபோது ஓடவில்லை. தயாரித்த பந்துலுவுக்குக் கையைக் கடித்தது. வண்ணப் படத்தின் வெற்றிக்குப் பின் கறுப்பு வெள்ளையில் வந்தது, கதாநாயகன் பாதிப் படத்துக்கு மேல் துன்பப்படுகிறான் என்று பல காரணங்கள் சொல்வார்கள். என் எண்ணத்தில், பங்குப் பத்திரம் விற்கும் கதாநாயகனை நாம் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பணம் திரட்டுவது, கணக்கு வைப்பது, பங்குதாரர்களைச் சமாதானப்படுத்துவது ஆகியவற்றை நம் மனம் வீரத்தில் சேர்ப்பதில்லை, வியாபாரத்தில் சேர்க்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1965 இல், இதே பந்துலு 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எம். ஜி. ஆரைக் கப்பலில் ஏற்றினார். அடிமைகள், கொள்ளையர், கத்திச் சண்டை, பறவையைப் போல் வாழ வேண்டும் என்று ஒரு பாட்டு. அந்தக் கப்பல் பிரமாதமாக ஓடியது.

வேலைநிறுத்தத்தையும் அமைப்பையும் படமாக்கினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் அல்ஜீரியாவைத்தான் காட்டுவேன். கில்லோ பொன்டெகார்வோ 1966 இல் எடுத்த 'அல்ஜியர்ஸ் போர்' படத்தில், பிரெஞ்சுக் கர்னல் கரும்பலகையில் முக்கோணங்களாக வரைந்து, போராளி அமைப்பில் ஒருவனுக்கு மேலும் கீழும் எத்தனை பேரைத் தெரியும் என்று தன் அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்கிறார். 1957 ஜனவரியில் நடந்த எட்டு நாள் கடையடைப்பு அந்தப் படத்தின் நடுமுதுகு. தயாரித்தவர்களில் ஒருவரான சாதி யாசெஃப், அல்ஜியர்ஸ் நகரில் அந்த அமைப்பை உண்மையாகவே நடத்தியவர், படத்திலும் நடித்திருக்கிறார். கதாநாயகன் என்று யாரை நினைத்தோமோ அவன் சுவருக்குள் ஒளிந்திருந்த இடத்தோடு தகர்க்கப்படுகிறான். அதற்குப் பிறகும் படம் முடிவதில்லை. மூன்று ஆண்டு கழித்து, யாரும் எதிர்பாராத நாளில், பெயர் தெரியாத கூட்டம் தெருவில் இறங்குகிறது. அங்கேதான் முடிகிறது. குண்டு வைக்கும் பெண்களின் முகத்தையும், அந்தக் குண்டுக்கு இரையாகப் போகிறவர்களின் முகத்தையும் ஒரே நிதானத்துடன் கேமரா பார்க்கிறது. பிரான்சில் அந்தப் படத்தைச் சில ஆண்டுகள் திரையிட விடவில்லை.

நம் படத்துக்கும் அப்படி ஒரு தெருக் காட்சி கையில் இருந்தது. வ. உ. சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் கிளம்பினார்கள். நகராட்சி அலுவலகம், காவல் நிலையம், அஞ்சலகம் எரிந்தன. மண்ணெண்ணெய்க் கிடங்கில் வைத்த தீ நாள்கணக்கில் எரிந்ததாகச் சொல்வார்கள். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். அந்த நால்வரின் பெயரைக் கேட்டால் எங்கள் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியாது என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். ஜாக்ஸன் துரையின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இதையெல்லாம் சொன்னாலும், மூன்று படங்களில் நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது 'கப்பலோட்டிய தமிழன்' தான். காரணம் இரண்டு காட்சிகள். ஒன்று செக்கிழுப்பது. "நூலோர்கள் செக்கடியில் நோவதுவும் காண்கிலையோ" என்று பாரதி கதறியதை சிவாஜி உடம்பால் நடித்திருக்கிறார். அதில் வசனம் இல்லை. மூச்சு மட்டும்தான் இருக்கிறது. மற்றது விடுதலை. இரண்டு ஆயுள் தண்டனை, கூட்டினால் 40 ஆண்டு, மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வருகிறார். கூட்டம் இல்லை, மாலை இல்லை. துணியால் உடம்பை மூடிக்கொண்டு ஒருவர் மட்டும் நிற்கிறார். யார் என்று தெரியவில்லை. சிறையில் தொற்றிய தொழுநோயால் உருமாறிப்போன சிவா அவர். டி. கே. சண்முகம் அந்த இடத்தில் அதிகம் அழவில்லை. வெளியே வந்தவருக்குக் கப்பல்கள் இல்லை. கம்பெனி அவர் சிறையில் இருந்தபோதே கலைக்கப்பட்டிருந்தது. 'காலியா' போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டுவிட்டது. அதன்பின் சென்னையில் மளிகைக் கடை, கடன், பதிப்பு வேலை, தொழிற்சங்கம், பறிபோன சன்னதுக்கான, அதாவது வக்கீல் தொழில் உரிமத்துக்கான நீண்ட காத்திருப்பு என்று 24 ஆண்டுகள். சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரர் என்றாலே விழித்துக்கொண்டு நிற்கும் ஜாக்ஸன்தான் என்று பழகிய நம் திரைக்கு, இந்தப் பெயர் சூட்டலை என்ன செய்வதென்று தெரியாது.

ஜாக்ஸனை விட அதிகமாகப் படத்தால் அடிவாங்கியவர் எட்டப்பன். எட்டயபுரத்து அரசர்களின் பட்டப்பெயர் ஊர் ஊராக வசைச்சொல்லாகப் பரவியதில் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அந்தப் பெயர் அந்த அளவுக்கு வசையாகவில்லை. எங்கள் வகுப்பில் எட்டயபுரத்திலிருந்து வந்த ஒருவன் இருந்தான். கோலி விளையாட்டில் கணக்குத் தகராறு வந்தால்கூட அவனுக்கு அந்தப் பெயர் விழும். பாரதி பிறந்ததும் எங்கள் ஊரில்தானேடா என்று அவன் கத்துவான். நாங்கள் கேட்டதில்லை.

போன கோடையில் ஊருக்குப் போனபோது கயத்தாற்றில் இறங்கினேன். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தை சிவாஜி தன் சொந்தப் பணத்தில் வாங்கி, 1970 இல் சிலை வைத்தார். சிலையைப் பார்த்தால் எனக்கு அவர் முகம்தான் தெரிகிறது. 1799 அக்டோபரில், மற்றப் பாளையக்காரர்களைச் சுற்றிலும் கூட்டி வைத்து, மேஜர் பானர்மன் இங்கே தண்டனையைச் சொன்னார். மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், கட்டபொம்மன் கலங்காமல் நின்றதையும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இகழ்ச்சியோடு பார்த்ததையும், தூக்கு மரத்துக்கு நடந்து போகையில் கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தியதையும் குறித்திருக்கிறார். கொன்றவர் எழுதிய குறிப்பில் நீண்ட வசனம் எதுவும் இல்லை, அந்தப் பார்வைதான் இருக்கிறது.

நான் அதை நினைத்துக்கொண்டு நிழலில் நின்றிருந்தபோது ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது. பள்ளிப் பிள்ளைகள் திபுதிபுவென்று இறங்கினார்கள். ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் சிலையின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துத் தொடங்கிவிட்டான். ஜாக்ஸனாக நிற்க எந்தப் பிள்ளையும் சம்மதிக்கவில்லை. கடைசியில் பேருந்து ஓட்டுநரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்கள். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்று நட்டாயா என்று கேட்டபோது, இல்லை என்று தலையை ஆட்டினார்.